பாலசமுத்திரம் போய்வந்த செலவு

1

இந்த மாசி வந்தால், தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிப் பத்து வருஷம் ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கத்து அட்டனிலிருந்து எழுதும் நண்பர்கள் இன்னமும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுகிறார்கள்: "சொந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய், உனக்கென்ன?" நான் அட்டனில் பிறந்தவன். என் தகப்பனாரும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். அவருடைய தகப்பனார் கிளம்பி வந்த ஊர் துறையூர்ப் பக்கம் என்று கேள்வி. அந்த ஊரின் பேர் எங்களில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. குடியுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகி, அப்பீலும் தள்ளுபடியான பிறகு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான் ஏறிய கப்பல், என்னைப் பொறுத்தவரை அந்நிய தேசத்துக்குப் போன கப்பல். அந்த நினைப்போடுதான் இதையும் எழுதுகிறேன்.

கொடைக்கானலுக்கு வந்ததற்குக் காரணம் குளிர். மண்டபம் முகாமின் வெயிலில் என் மனைவி அன்னம் வாடிப்போனாள். முகாமில் சோறு போட்ட ஒருவர், "மேக்க பழனி மலைக்கு மேல ஒரு ஊரு இருக்கு. ஒங்க ஊரு மாதிரியே பனி மூடிக் கெடக்கும்" என்றார். அதை நம்பி வந்தோம். பனி இருந்தது. மற்றதெல்லாம் வேறாக இருந்தது.

எனக்குத் தெரிந்த தொழில் தையல் மிஷின் பழுதுபார்ப்பது. பஜாரில் ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தேன். இங்கே கான்வென்ட்களிலும் மிஷன் பள்ளிக்கூடங்களிலும் தையல் வகுப்பு உண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு நல்ல விலைக்குப் போன வருஷங்களில் வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்கினார்கள். மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலும் கன்னிவாடியிலும் தையற்கடைகள் இருந்தன. மிஷினைத் தூக்கிக்கொண்டு யாரும் மலையேற மாட்டார்கள். நான்தான் கருவிப் பெட்டியோடு அவர்களைத் தேடிப் போக வேண்டும். பஸ்ஸில் போவேன், பூண்டு மூட்டை ஏற்றிய லாரியில் போவேன், மழைக்காலத்தில் வழி அடைத்துக்கொண்டால் நடந்தும் போவேன். என் வரும்படியில் பெரும்பங்கு வழியிலேயே செலவாகிவிடும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் வரும் கதையெல்லாம் இதனால் வந்ததுதான்.

வந்த புதிதில் கடையில் போய் "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், "பானையா? அது குயவர் வீட்டுலல்ல கிடைக்கும்" என்றார். என் மகன் ரவி அப்போது சின்னவன். இன்றைக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். நான் வாய் தவறிப் பாண் என்றால், "ப்ரெட்டுன்னு சொல்லுங்கப்பா, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கல்ல" என்று காதருகில் வந்து சொல்கிறான். சோப்புக்குச் சவர்க்காரம், துண்டுக்குத் துவாய் என்ற சொற்களெல்லாம் எங்கள் வீட்டில் அன்னம் ஒருத்தியின் வாயில் மட்டும் மிச்சமிருக்கின்றன.

2

மகள் கமலம் மூத்தவள். கான்வென்டில் படித்தாள், அங்கேயே தையலும் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் மாப்பிள்ளை தேடும்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஊர். பிறகு, தாய்மாமன் யார், பங்காளிகள் யார் என்று கேட்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் விடை கடலுக்கு அப்பால் இருந்தது. இரண்டு இடம் அப்படியே நின்றுபோனது.

மூன்றாவதாக வந்தவர்கள் பழனிக்குப் பக்கத்துப் பாலசமுத்திரத்துக்காரர்கள். மாப்பிள்ளை தண்டபாணி, சீசன் சமயத்தில் எங்கள் பஜாரில் ஒரு கடையில் வேலை பார்த்தவன். அவனே கமலத்தைப் பார்த்துவிட்டுத் தன் தகப்பனாரிடம் பிடிவாதம் பிடித்தான். தகப்பனார் ராமசாமி தென்னந்தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் உள்ளவர். கறாரானவர். கெட்டவர் அல்ல. கல்யாணப் பந்தலில் எங்கள் பக்கத்துப் பாய் பாதி காலியாகக் கிடந்தது. அதை அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து இரண்டாம் முறை நான் மகளைப் பார்க்கப் போனபோது, அவர் என்னைத் தோப்புப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. பொண்ணக் குடுத்த வீட்டுக்கு இப்படி மாசாமாசம் வந்து போறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. அது இன்னும் புது மண்ணுல வேர் புடிக்கணும்ல. நல்ல நாளு பெரிய நாளுன்னா நாங்களே சொல்லி அனுப்புறோம்."

அவருக்கு எதிரே சமமாக நின்று பேச என் பக்கம் ஒரு மாமனோ மச்சானோ இருந்திருந்தால் அவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான், "சரிங்க" என்றேன். கிளம்பும்போது கண்ணில் பட்டது கமலத்துக்குச் சீராகக் கொடுத்த தையல் மிஷின். அதில் அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொண்டிருந்தாள். மாமியாருக்கு அதில் பெருமை.

"மிசினுக்கு மாசம் ஒருக்கா எண்ணெய் போட்டு, பல்லுச் சக்கரத்தத் தொடைச்சு வைக்கணும். இல்லாட்டி இறுகிப் போயிரும்" என்றேன்.

சம்பந்தி கொஞ்சம் யோசித்தார். "அப்ப அதுக்கு வாங்க. ஆனா ஒண்ணு, வேலைக்கு வந்தா கூலி வாங்கிக்கிறணும். யாரு உழைப்பையும் நான் சும்மா வாங்குறவன் இல்ல" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை கருவிப் பெட்டியோடு போவேன். மிஷினைக் கழற்றித் தரையில் விரித்த சாக்கில் பரப்புவேன். கமலம் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் கேட்கும் திருகாணியை எடுத்துத் தருவாள். தலையைக் குனிந்தபடியே பேசுவோம். மாமியார் எப்படி, மாப்பிள்ளை எப்படி, உடம்புக்கு என்ன, அம்மா என்ன சொல்லிவிட்டாள், தம்பி என்ன படிக்கிறான். வேலை முடிந்து எழுந்தால் சம்பந்தி இரண்டு ரூபாயை என் கையில் வைப்பார். ஊரில் என்னை எல்லாரும் மிசினுக்காரர் என்றே அழைத்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அது போதும் என்று இருந்தது.

ஆனால் தூரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே வில்பட்டி விளிம்பில் நின்றால், மேகம் விலகிய நாளில் பாலசமுத்திரத்துக் குளங்கள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி கீழே மின்னுவது தெரியும். பஸ்ஸிலோ மலையைச் சுற்ற வேண்டும். வத்தலக்குண்டில் இறங்கி, செம்பட்டி, கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி. அங்கிருந்து குதிரை வண்டி. திரும்பி வர மறுநாள் ஆகிவிடும்.

3

போன வருஷம் வருமான வரி அதிகாரிகள் எங்கள் பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எனக்கும் ஒரு படிவம் வந்தது. நான் வரவையும் செலவையும் உள்ளபடி நிரப்பி அனுப்பினேன். சம்பந்தி கொடுத்த இரண்டு ரூபாய்களை வரவில் எழுதினேன். பாலசமுத்திரம் போய்வந்த பஸ் கூலியைச் செலவில் எழுதினேன். கூலி வாங்கிய வேலை, அதற்காகப் போன வழி. எனக்கு அப்போது அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. செலவு கழிந்தால் வரிக்கு உட்படாத அளவில் நிற்பேன். கழியாவிட்டால் கொஞ்சம் மேலே போய்விடுவேன். இரண்டு மாதம் கழித்து, பிரயாணச் செலவுக்கு ஆதாரத்தோடு திண்டுக்கல்லுக்கு நேரில் வரும்படி நோட்டீஸ் வந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீக்கடையில் கேட்டேன். "வருமான வரிக் கந்தோர் எந்தப் பக்கம்ங்க?" அலுவலகத்துக்கு அட்டனில் நாங்கள் சொல்லும் அந்தச் சொல் பதற்றத்தில் தானாக வந்துவிட்டது.

"கந்தூரியா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "அது போன வாரமே முடிஞ்சிருச்சே பாய். தர்காவுக்குத்தான் போகணும்னா இப்படியே நேரா போங்க." நான் பாய் இல்லை என்றும், கேட்டது ஆபீஸை என்றும் விளக்குவதற்குள் வரிசையாக நின்ற நாலு பேர் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பத்து வருஷம் ஆகியும் ஒரு சொல் என்னைக் காட்டிக்கொடுக்கிறது.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். மரியாதையாகவே பேசினார். முதலில் பேரைக் கேட்டார். பிறகு சொந்த ஊர் கேட்டார்.

"அட்டன்."

"அது பிறந்த ஊர். சொந்த ஊர்?"

"துறையூர்ப் பக்கம்னு சொல்வாங்க சார்."

"துறையூர்ப் பக்கத்துல எந்த ஊர்?"

தெரியாது என்று தலையசைத்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். கம்பியில் குத்தி வைத்திருந்த பஸ் டிக்கெட்டுகளைக் கொடுத்தேன். நிதானமாகப் பார்த்தார். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் டிக்கெட் இல்லாததைக் கேட்டார். பூண்டு லாரியில் போனதைச் சொன்னேன். "லாரிக்காரன் ரசீது தரமாட்டான்தான். அதை ஒத்துக்கறேன்" என்றார். வத்தலக்குண்டு சரி. கன்னிவாடியில் மூன்று தையற்கடைகளின் பேரைச் சொன்னேன், அதுவும் சரி. எனக்கு மூச்சு லேசாக வந்தது. அப்போதுதான் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கன்னிவாடிக்கு அப்பால பழனி, பாலசமுத்திரம்னு மாசாமாசம் போயிருக்கீங்க. அங்க எத்தனை மிஷின்?"

"ஒண்ணு சார்."

"ஒரே ஒரு மிஷின். கூலி ரெண்டு ரூபா. போக வர அதைவிட அதிகமாச் செலவழிச்சிருக்கீங்க. நஷ்டத்துக்கு எவனாவது தொழில் பண்ணுவானா?"

அவர் டிக்கெட்டுகளை என் பக்கம் நகர்த்தினார்.

"சட்டம் என்ன சொல்லுதுன்னா, செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செஞ்சதா இருக்கணும். வேற சொந்தக் காரியம் கலந்திருந்தா கழிக்க முடியாது. அந்த வீடு யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடு சார்" என்றேன். பிறகு, "அதை அடிச்சிருங்க சார். வர்ற வரியை நான் கட்டிடறேன்" என்றேன்.

"அப்படி அடிக்கறதுக்கில்ல. கூலி வாங்கினதா வரவுல நீங்களே எழுதியிருக்கீங்க. வரவு நிஜம்னா செலவும் நிஜமா இருக்கணும். செலவு பொய்னா பொய்க் கணக்குக் குடுத்தீங்கன்னு ஆகும். அதுக்கு அபராதம் தனி. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எங்க இன்ஸ்பெக்டர் இந்த வாரம் பழனிப் பக்கம் போறார். அந்த வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டும். நீங்க போகலாம்."

அட்டனில் குடியுரிமை விசாரணைக்குப் போனபோதும் இப்படித்தான் ஓர் அறை, ஒரு மேஜை, கோபமே இல்லாத ஒரு மனிதர். அங்கே நான் அந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று நிரூபிக்க முடியவில்லை. இங்கே நான் என் மகளைப் பார்க்கப் போகவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

4

வீட்டுக்கு வந்து அன்னத்திடம் சொன்னேன். வரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வரி ஆபீசு ஆளு வாசல்ல வந்து நின்னா சம்பந்தி என்ன நெனைப்பாரு? எங்க வீட்டு வாசலுக்கு சர்க்காரக் கொண்டாந்து விட்டான்னு நெனைக்க மாட்டாரா? அந்தக் கோவம் புள்ள மேலதான வந்து விடியும்?"

"அதுதான் எனக்கும் பயம்."

"வெள்ளனே பொறப்படுங்க. அந்த ஆளு போறதுக்கு முந்தி நீங்க போயி, விசயத்த நீங்களே சொல்லிருங்க."

"என்னன்னு சொல்லச் சொல்ற? மிசின் வேலைக்குத்தான் வர்றேன்னு சாட்சி சொல்லுங்கன்னா?"

அவள் அடுப்பைக் கிளறிவிட்டு, "அதுல பொய் இல்லையே. எண்ணெய் போட்டது நெசந்தான" என்றாள்.

முதல் பஸ்ஸில் கிளம்பினேன். காட் ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் மேகம் கிழிந்து கீழே சமவெளி தெரிந்தது. அன்னம் சொன்னதையே புரட்டிப் புரட்டி நினைத்துக்கொண்டு போனேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை. நான் அந்த மிஷினை மாதாமாதம் கழற்றியதெல்லாம் உண்மை. கழற்ற வேண்டிய தேவை வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இருந்ததில்லை. ஒரு வீட்டு வாசலுக்குப் போக எனக்கு வேலை ஒன்று வேண்டியிருந்தது. இந்த நாட்டில் நான் ஏறிய எல்லாப் படிகளும் அப்படி ஏறியவைதான். வேலை இல்லாமல் போய் உட்கார ஒரு வீடு எனக்கு இந்த மலையிலும் இல்லை, இதன் அடிவாரத்திலும் இல்லை.

கன்னிவாடியில் இறங்கவில்லை. பழனியில் குதிரை வண்டி பிடித்து, வெயில் சாய்வதற்குள் பாலசமுத்திரம் போய்விட்டேன். வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி தம் வீட்டு முற்றத்தில், தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்தார். அவர் யாருக்கு முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அந்த இளைஞர்தான் இன்ஸ்பெக்டர் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதானா? நல்லதாப் போச்சு, இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர், என் தோளிலிருந்த கருவிப் பெட்டியைப் பார்த்து. பிறகு சம்பந்தி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. இவர் மிஷின் வேலைக்குத்தான் மாசாமாசம் வர்றாரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. வேலை முடிஞ்ச கையோட ரெண்டு ரூவா குடுத்துருவேன். ஒரு மாசம் நிறுத்தி வச்சதில்ல. யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"அவ்வளவு அடிக்கடி ரிப்பேர் ஆகுதா? மிஷின்ல என்ன கோளாறு?"

"அது எனக்கென்னங்க தெரியும். அதுல சோலி பாக்குறது மருமக. அதையே கேட்டுக்கங்க." உள்ளே திரும்பி, "கமலம்" என்று கூப்பிட்டார்.

கமலம் நிலைப்படியில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மாமியார். என்னைப் பார்த்ததும் கமலத்தின் முகம் மலர்ந்து, உடனே அடங்கியது. இன்ஸ்பெக்டர் அதே கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வரி இல்லை, அபராதம் இல்லை, சம்பந்திக்கும் தொந்தரவு இல்லை. நான் தலையை அசைக்கவில்லை. கண்ணாலும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்லச் சொல்வது என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

"மிசின்ல ஒரு கோளாறும் இல்லீங்க" என்றாள் கமலம். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "இவங்க எங்க அப்பா. என்னைப் பாக்க வர்றாங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். "அப்பாவா?" என்றார். கோப்பைத் திறந்து இரண்டு வரி எழுதினார். எழுந்தார். மோர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப மாசாமாசம் நான் குடுத்தது என்ன கணக்கு? பொண்ணக் குடுத்த மனுசனுக்கு என் கையால கூலி அளந்திருக்கேன். இது வெளிய தெரிஞ்சா ஊரு என்னையத்தான பேசும். மிசினுக்கு மாசாமாசம் சோலி இல்லேன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வர விட்டுருப்பீங்களா?" என்றேன்.

அவர் தோப்புக்குப் போய்விட்டார். கமலத்தோடு பேச எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியார் சாப்பிட்டுப் போகச் சொன்னார். பழனியில் பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினேன். அன்றைக்குச் சத்திரத்தில் படுத்திருந்தபோது, இனி அந்த வாசலுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

5

வரி உத்தரவு தபாலில் வந்தது. கன்னிவாடி வரைக்கும் போன செலவைக் கழித்திருந்தார்கள். அதற்கப்பால் போனது சொந்தப் பிரயாணம் என்று தள்ளியிருந்தார்கள். அபராதம் போடவில்லை. கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. பாலசமுத்திரத்தில் பெற்ற தொகை உறவினர் கொடுத்தது. அது தொழில் வருமானம் ஆகாது. ஆகவே வரவிலிருந்தும் அது நீக்கப்படுகிறது. ரவி இங்கிலீஷில் வாசித்து அர்த்தம் சொன்னான். அவன் போன பிறகு அந்தக் குறிப்பை நான் எழுத்துக் கூட்டி மறுபடி வாசித்தேன். கந்தோர்க்காரர்கள் எழுதிய காகிதத்தில் எனக்கு இந்த நாட்டில் உறவினர் ஒருவர் இருப்பதாக எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

வரியைத் தவணையில் கட்டினேன். பெரிய தொகை அல்ல. ஆனால் அந்த வருஷம் அன்னத்துக்குக் கம்பளி வாங்கவில்லை.

மூன்று மாதம் பாலசமுத்திரத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. சீசன் வந்தது. ஏரிக்கரை எங்கும் வெளியூர்க் கூட்டம். கான்வென்டில் வேலை இருந்தது, செய்தேன். ஓய்ந்த நாட்களில் கால் தானாக வில்பட்டிப் பக்கம் போகும். பெரும்பாலும் மேகம்தான் இருக்கும். ஒருநாள் விலகியது. குளங்கள் தெரிந்தன. வெகுநேரம் நின்றேன். பூண்டு மூட்டைக்காரர் ஒருவர் என்னைக் கடந்து போகும்போது நின்று, "என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அவரோடேயே திரும்பினேன்.

அன்றைக்கு அன்னம், "போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள்.

"என்ன சொல்லிக்கிட்டுப் போறது?"

"ஒண்ணும் சொல்லாமப் போங்க."

6

போன மாதம் போனேன். கருவிப் பெட்டியை எடுக்கவில்லை. தோளில் அது இல்லாமல் பஸ் ஏறுவதே புதிதாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்னம் ஒரு பையில் பேரிக்காயும் கமலத்துக்குப் பின்னிய ஒரு சட்டையும் கொடுத்திருந்தாள்.

சம்பந்தியின் மனைவி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார். "வாங்க" என்றார். பிறகு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டார்: "என்ன சோலியா வந்தீங்க?"

"சோலி ஒண்ணும் இல்லீங்க. மகளைப் பாக்கலாம்னு சும்மாதான் வந்தேன்" என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷத்தில் ஒருவர் வாசலில் நின்று நான் அப்படிச் சொன்னதில்லை. அந்த அம்மாள் உள்ளே பார்த்தார். சம்பந்தி கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பஸ்சுல வந்த மனுசர நிக்க வச்சுக்கிட்டு என்ன கேள்வி? தண்ணி மோந்து குடு" என்றார்.

கட்டிலில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். அவர் தோப்பைப் பற்றிச் சொன்னார், நான் மலையில் மழை எப்படி என்று சொன்னேன். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு இரண்டு இலை பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். கமலம் பரிமாறினாள். மருமகளாகப் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள், நகர்ந்தாள், உள்ளே போனாள். சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு மணி நேரம் அவள் குரலைக் கேட்டிருப்பேன். சம்பந்தியாக உட்கார்ந்த அன்று நாலு வார்த்தைதான் கிடைத்தது. இதற்கு இதுதான் விலை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சாப்பிட்டேன்.

கிளம்பும்போது சம்பந்தி வாசல் வரை வந்தார். "வர்றதுக்கு முந்தி ஒரு கார்டு போட்டுருங்க. நானும் வீட்டுல இருப்பேன்ல" என்றார். உள்ளே திரும்பி, "யத்தா கமலம், அப்பாவக் கூட்டிட்டுப் போயி வண்டி ஏத்தி விட்டுட்டு வா" என்றார்.

அந்தத் தெருவில் நானும் என் மகளும் சேர்ந்து நடந்தது அதுவே முதல் தடவை.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேனே, நிறையச் செலவாயிருச்சாப்பா?"

"பெருசா இல்ல."

"எனக்குப் பொய் சொல்லத் தோணலப்பா. அவரு கேட்டப்ப நீங்க ஒரு வேலையாளு மாதிரி நின்னுக்கிட்டு இருந்தீங்க."

தெரு திரும்பியதும், "அட்டன் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ரயிலு வர்ற சத்தந்தான் மொதல்ல ஞாபகம் வருது" என்றாள். பிறகு குரல் மாறி, "கார்த்திகைக்கு அம்மாவையும் தம்பியையும் கூட்டிட்டு வாங்கப்பா. எங்க ஊர்ல கொளத்தச் சுத்தி வௌக்கு வைப்பாங்க, பாக்க நல்லா இருக்கும்" என்றாள்.

எங்க ஊர் என்று அவள் சொன்னது எதை என்று நான் ஒரு கணம் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். நெஞ்சில் ஏதோ ஓர் இடம் வலித்தது; வலித்தாலும், எங்களில் ஒருத்திக்கு அந்தச் சொல் கிடைத்துவிட்டது என்றும் பட்டது. "வர்றோம்" என்றேன்.

குளத்து முனையில் குதிரை வண்டி நின்றது. பலமுறை நான் ஏறிய வண்டிதான். கமலம் வண்டிக்காரரிடம் போய், "அண்ணே, இவங்க எங்க அப்பா. பழனியில பஸ்சு போறதுக்குள்ள வெரசாக் கொண்டு போயி விட்டுருங்க" என்றாள்.

வண்டி நகர்ந்த பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தப் புள்ள ஒங்க மகளா? இத்தன நாளா என் வண்டியில வர்றீங்க, ஒரு வார்த்த சொல்லலியே."

பழனி பஸ் ஸ்டாண்டு வருகிற வரைக்கும் நான் அவரிடம் கமலத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன்.